கழுவல் சோளம்

அந்தத் தீவன மில்லில் வேலைக்கென்று இரண்டு ஜோடிச் செருப்பு வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். கோழித்தீவனம் ஓடும்போது கறுப்பு ஜோடி, மாட்டுத்தீவனம் ஓடும்போது பழுப்பு ஜோடி. ஒன்றைக் கழற்றி ஆணியில் மாட்டி, உள்ளங்காலைத் துணியால் துடைத்து, மற்றதைப் போட்டுக்கொண்டு அவர் படியேறுவதற்குள் கீழே மூட்டை தைக்கிறவர்கள் தேநீரே குடித்து முடித்துவிடுவார்கள். "மாப்பிள்ளை அலங்காரம் முடிஞ்சுதா?" என்று கேட்பார்கள். சுத்தக்காரர் என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். கேலிக்கு வைத்த பெயர். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

அவருடைய வேலை கலவை எந்திரத்தை ஓட்டுவது. பதினெட்டு வருஷமாக அதே எந்திரம். காலையில் கோழித்தீவனம், பிற்பகலில் மாட்டுத்தீவனம், இரண்டும் அதே வயிற்றுக்குள்தான் கலக்க வேண்டும். அங்கேதான் வில்லங்கம். கோழித்தீவனத்தில் கசாப்புக் கழிவையும் எலும்பையும் வேகவைத்து, காயவைத்து, அரைத்த தூள் சேரும். கோழிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மாட்டுக்கு அது ஒரு சிட்டிகைகூடப் போகக் கூடாது, அது சட்டம். காரணம் பைத்திய மாட்டு நோய். அந்த நோய் பிடித்த மாட்டின் மூளை பஞ்சு மாதிரிப் பொத்தல் விழுந்து போகும். மாடு தள்ளாடும், விழும், பிறகு எழுந்திருக்காது. அதன் மூளையும் தண்டுவடமும் தூளாகி இன்னொரு மாட்டின் தொட்டிக்குப் போனால் அதற்கும் வரும், அந்த மாட்டைத் தின்கிற மனிதனுக்கும் வரலாம். கொதிக்க வைத்தாலும் போகாது. இன்றைக்குத் தின்றது வருஷக்கணக்கில் உள்ளேயே பதுங்கிக் கிடக்கும்.

அதனால் கோழித்தீவனம் முடிந்ததும் எந்திரத்தைக் கழுவ வேண்டும். தண்ணீரால் அல்ல, தண்ணீர் பட்டால் தூள் ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும். நானூறு கிலோ உடைத்த மக்காச்சோளத்தைக் கொட்டி ஓடவிடுவார்கள். மூலை முடுக்கில் ஒட்டியிருக்கிற தூளையெல்லாம் சோளம் வழித்துக்கொண்டு வெளியே வரும். அதற்குக் கழுவல் சோளம் என்று பெயர். பார்க்க மஞ்சளாக, தங்கம் மாதிரி இருக்கும். அது சிவப்புத் தொட்டிக்குப் போய், மறுநாள் கோழித்தீவனத்திலேயே சேர்ந்துவிடும். வீட்டில் கோழி வளர்க்கிற தொழிலாளி மாதம் ஒரு மூட்டை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு நோட்டு உண்டு. "கோழிக்கு மட்டும்" என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்தக் கழுவலை ஒரு நாள்கூட அவர் விட்டதில்லை. அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அரசாங்கத்தின் தீவன ஆய்வாளர், கண்டிப்புக்குப் பேர்போன ஒரு அம்மா, மற்ற மில் ஆட்களுக்குப் பயிற்சி வைத்தபோது இவரைத்தான் மேடையேற்றினார். "நம்ம அலட்சியம் ஒருத்தர் சாப்பாட்டுத் தட்டுல போய் முடியும்" என்று மனுஷன் அன்றைக்கு வாய் கிழியப் பேசினார். கைதட்டல் வேறு. அந்தக் கைதட்டல் காதில் ஒரு மாதம் ஒலித்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு பெரிய சுத்தக்காரர் ஒரே ஒருத்தி முன்னால் மட்டும் சின்னப் பையனாகிவிடுவார். அவள் அவருடைய அக்கா. பதினோரு வயது மூத்தவள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போனால் அவள் வீடு. பின்னால் ஒரு கொட்டகையில் ஆறு காளைக் கன்றுகளைக் கறிக்காக வளர்த்து விற்பாள், முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு கோழிகள். புருஷன் போன பிறகும் தனி ஆளாக நின்று சமாளித்தவள். தம்பி இளவயதில் இரண்டு தொழில் தொடங்கி இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்டு வந்து நின்றபோது, சோறு போட்டு வைத்திருந்து, மில்லில் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். கம்பளி வாங்கிப் போனால் "எனக்கெதுக்குடா, உன் பொண்டாட்டிக்குக் குடு" என்று திருப்பிவிடுவாள். எதைக் கொண்டுபோனாலும் அதே கதைதான். அக்காவுக்கு நம்மால் ஒன்றும் ஆவதில்லை என்பது அவர் நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

ஒரு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, கழுவல் சோளம் ஒரு மூட்டையைப் பஸ்ஸின் கூரையில் ஏற்றிக்கொண்டு போனார். அக்காவிடம் கோழி இருக்கிறது, சட்டத்துக்குப் புறம்பாக ஒன்றும் இல்லை. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. மூட்டையை இறக்கிவைத்து, நெற்றி வியர்வையைத் துடைத்து, கேட்காமலேயே சொன்னார்:

"முதல் தரச் சோளம்க்கா. முதலாளி எனக்குன்னு தனியா எடுத்து வெக்கிறாரு. நான் இல்லாட்டி மில்லே ஓடாதுன்னு அவருக்குத் தெரியும்ல?"

அக்கா மூட்டையின் வாயைப் பிரித்து ஒரு கை அள்ளிப் பார்த்தாள். முகர்ந்தாள். தம்பியின் முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள். "சரி, வெச்சுட்டுப் போ" என்றாள். முதல் தடவையாக அவர் கொண்டுபோன ஒரு பொருளை அவள் திருப்பவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாவது மாதம் போனபோது கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தார். காளைகளின் தொட்டியில், வைக்கோலுக்கும் தீவனத்துக்கும் மேலே, மஞ்சளாகத் தூவிக் கிடந்தது. அவருடைய சோளம். ஒரு காளை அதை நாக்கால் சுழற்றிச் சுழற்றித் தின்றுகொண்டிருந்தது. அவருக்குப் பகீரென்றது. "அக்கா" என்று வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பால்காரர் வேலியோரம் வந்து நின்றார்.

"என்ன, சோளமெல்லாம் பலமா இருக்கு?" என்றார் பால்காரர்.

"என் தம்பிக்குன்னு முதலாளி தனியா எடுத்து வெக்கிறது" என்றாள் அக்கா. "இவன் இல்லேன்னா அங்க மில்லே ஓடாதாம்."

பால்காரர் அவரை ஏற இறங்க மரியாதையாகப் பார்த்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால், முதல் தரம் என்றது பொய், முதலாளி எடுத்து வைத்தது பொய், அக்காவுக்கு அவர் கொடுத்த ஒரே பரிசு எந்திரத்தின் வயிற்றைத் துடைத்த குப்பை என்று அந்தாள் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். சுத்தக்காரர் வாக்கியத்தை மென்று விழுங்கினார். பதினெட்டு வருஷம் சிட்டிகைக்குக் கணக்குப் பார்த்தவர், ஒரு பால்காரர் என்ன நினைப்பார் என்று பார்த்து வாயை மூடிக்கொண்டார்! இதை எழுதும்போது எனக்கே ஆத்திரம் வருகிறது.

அடுத்த தடவை தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். அடுத்த தடவை, 'போன தடவையே ஏன் சொல்லலை?' என்று கேட்பாளே என்று தோன்றியது. பிறகு தனக்குத் தானே சப்பைக்கட்டுக் கட்டத் தொடங்கினார். நானூறு கிலோவில் என்ன ஒட்டியிருக்கும், அதில் ஒரு மூட்டையில் என்ன இருக்கும், நம்ம பக்கம் அந்த நோய் வந்ததாக யார் கேள்விப்பட்டார்கள். மில்லில் வேறு எவனாவது இந்தக் கணக்கைச் சொல்லியிருந்தால் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். சோளத்தை நிறுத்தவும் முடியவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. நோட்டில் மாதாமாதம் அழகான கையெழுத்தில், கோழிக்கு மட்டும்.

ஆய்வாளரம்மா பண்ணைகளுக்குத் திடீரென்று போய்த் தொட்டியில் இருப்பதை அள்ளிக்கொண்டு வருவது வழக்கம். அந்த வருஷம் அக்காவின் கொட்டகைக்கும் போனார். ஒரு புதன்கிழமை காலை மில் வாசலில் அவருடைய ஜீப் வந்து நின்றது. அந்தப் பண்ணைத் தொட்டியில் எலும்புத் துணுக்கு இருக்கிறது, நுண்ணோக்கியில் பார்த்து உறுதியாகிவிட்டது, அங்கே அடுக்கியிருந்த மாட்டுத்தீவன மூட்டையெல்லாம் இந்த மில்லுடையது என்றார். மாட்டுத்தீவனம் ஓடுவதை அப்போதே நிறுத்தினார். பிரிக்காத மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்தார். முடிவு வரப் பத்து நாள் ஆகும். எல்லாரையும் கிடங்கில் நிற்க வைத்து முதலாளி கேட்டார்:

"கழுவாம ஓட்டினது யாரு?"

கழுவல் பதிவேட்டில் ஒரே ஒரு நாள் காலியாக இருந்தது. இரண்டாம் ஷிப்டில் எந்திரம் ஓட்டுகிற நெட்டையனின் நாள். எழுதுவதில் எப்போதுமே அவனுக்குச் சோம்பல், வேலையில் இல்லை. அவனுக்கு முகம் வெளுத்துப்போனது.

"கழுவினேன் மொதலாளி. எழுத மறந்துட்டேன், அவ்வளவுதான்." கூட்டத்தில் தேடி அவரைப் பார்த்தான். "அண்ணே, உங்ககிட்டதானே வேலை கத்துக்கிட்டேன். நீங்க சொல்லுங்கண்ணே. நான் கழுவாம ஓட்டுற ஆளா?"

எல்லாரும் திரும்பினார்கள். முதலாளி, ஆய்வாளரம்மா, மூட்டை தைக்கிறவர்கள், எல்லாரும். சுத்தக்காரர் சொன்னால் அது தீர்ப்பு.

"உன் ஷிப்டுல நான் இருந்ததில்லையேப்பா" என்றார் அவர். "எனக்கெப்படித் தெரியும்?"

அதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை. அதுதான் அதிலிருந்த அசிங்கம். முடிவு தெரியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று நெட்டையனிடம் முதலாளி சொன்னார். அவன் தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போவதை அவர் பார்க்கவில்லை, ஆணியில் தொங்கிய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானமே தலைவலி என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினார். எதற்கு? உண்மையைச் சொல்லவா? அதெல்லாம் ஒன்றுமில்லை. சோளத்தைப் பற்றி மூச்சு விடாதே என்று கெஞ்சத்தான் போனார். என்ன வார்த்தையில் கேட்பது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே போனார். கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

"அந்தம்மா இப்பத்தான் மறுபடியும் வந்துட்டுப் போச்சு" என்றாள் அக்கா, கொட்டகையைக் கூட்டிக்கொண்டே. "இந்தச் சோளம் யார் குடுத்ததுன்னு கேட்டுச்சு. யாரோ வண்டியில கொண்டாந்து வித்தான், மூஞ்சி ஞாபகமில்லன்னு சொல்லிட்டேன்."

அவருக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடியே, அந்த அப்பாடாவை நினைத்து உடம்பு கூசியது. பொய் பேசி அறியாத அக்கா, அறுபத்து மூன்று வயதில், அரசாங்கத்து ஆள் முகத்தைப் பார்த்து அவருக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். அவர் அங்கேயே தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள். "இப்ப சொல்லு. அதுல என்னடா இருந்துச்சு?"

சொன்னார். எந்திரம், எலும்புத்தூள், கழுவல், சிவப்புத் தொட்டி, நோட்டு, எல்லாம். தலையைத் தூக்காமல் தரையைப் பார்த்தே சொன்னார். முதலாளி எடுத்து வைத்ததில்லை என்கிற இடத்தை மட்டும் அவசரமாகச் சொல்லித் தாண்டினார்.

"அது எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கூட்டி அள்ளினதுன்னு முதல் மூட்டையிலயே தெரியும். அடியில பூராத் தூசி. கோழித்தீவன வாடை வேற. எவனாவது அதை முதல் தரம்னு எடுத்து வெப்பானா? நீ மூட்டைய எறக்கி வெச்சுட்டு நின்ன நிலையப் பாத்தேன். இதையும் வேணாம்னு சொன்னா நீ தாங்க மாட்டேன்னு வாங்கி வெச்சேன். பால்காரர்கிட்டகூட அதனாலதான் அப்படிச் சொன்னேன்." அவள் குரல் உயரவே இல்லை. "மாட்டுக்கு ஆகாதுங்கிறது மட்டும் எனக்குத் தெரியாது. அதை நீதானேடா சொல்லணும்."

அவருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. எந்தப் பொய்யைக் காப்பாற்ற இரண்டு வருஷம் வாயை மூடியிருந்தாரோ, அந்தப் பொய் முதல் நாளிலிருந்தே அவளிடம் செல்லுபடியாகவில்லை. அவளுக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அதைத்தான் அவர் மறைத்தார்.

அக்கா விரலை மடக்கி எதையோ கூட்டினாள். "ரெண்டு மாசம் முன்ன ரெண்டு காளை வெட்டுக்குப் போச்சே" என்றாள் மெதுவாக. "அதுங்களும் இதத்தான் தின்னுச்சு. அந்தக் கறி இப்ப எங்கடா இருக்கும்?"

அவர் தொட்டி விளிம்பிலிருந்து எழுந்தார்.

"அதுல ஒரு பங்கு உன் வீட்டுக்கும் குடுத்தேனே."

திரும்பி வரும் பஸ்ஸில் அவருக்கு நினைவு வந்ததெல்லாம் அவருடைய மகள் இரண்டாம் தடவை தட்டை நீட்டியதுதான். "அத்தை வீட்டுக் கறின்னா தனி ருசிப்பா" என்று சொன்னாள். பரிமாறியது அவர்.

மறுநாள் காலை குளிர்ப்பெட்டியைத் திறந்து, அடியில் பனி கட்டிக் கிடந்த பொட்டலத்தைச் சுரண்டி எடுத்தார். "அது ஞாயித்துக்கிழமைக்கு வெச்சதுங்க, எங்க எடுத்துட்டுப் போறீங்க?" என்று மனைவி கேட்டாள். "வந்து சொல்றேன்" என்றார். செய்தித்தாளில் சுற்றி, பையில் போட்டுக்கொண்டு, ஆய்வாளரம்மாவின் அலுவலகத்துக்குப் போனார். முறை வர ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. பொட்டலம் உருகிப் பையின் மூலையிலிருந்து தரையில் சொட்டியது. துடைக்கிற பெண் வந்து ஒரு தடவை துடைத்தாள், மறுபடியும் சொட்டியது. அவள் முறைத்தபோது அவர் தன் கைக்குட்டையைப் போட்டுத் தானே துடைத்தார்.

ஆய்வாளரம்மா அவரைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "வாங்க வாங்க. நீங்களே வந்தது நல்லதாப் போச்சு. அந்த ரெண்டாம் ஷிப்ட் ஆள் விஷயமாத்தானே?"

"அவன் மேல தப்பில்ல மேடம்" என்றார். "நான்தான்."

சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மா குறுக்கே பேசவில்லை. மில்லிலிருந்து எடுத்து வந்த கட்டிலிருந்து ஒரு நோட்டை உருவி, பிரித்து, அவர் பக்கம் திருப்பி வைத்தார். சோள நோட்டு. "உங்க கையெழுத்து எதெதுன்னு காட்டுங்க." அவர் விரலை வைத்துக்கொண்டே போனார். ஒவ்வொரு பக்கமாக, இருபத்து நான்கு இடம்.

"என்ன எழுதியிருக்கு? வாசிங்க, பதிவுக்கு வேணும்."

"கோழிக்கு மட்டும்" என்று வாசித்தார். குரல் எழும்பவில்லை, அந்த அம்மா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

"என் பயிற்சியில நீங்க பேசினதைத்தான் இன்னிக்கும் நான் மத்த மில்லுல சொல்லிட்டிருக்கேன்" என்றார் ஆய்வாளரம்மா. திட்டியிருந்தால் தேவலை. பிறகு தொலைபேசியை எடுத்துக் குளிர்கிடங்கைக் கூப்பிட்டார். இரண்டு காளைகளின் கறியில் பதினோரு பெட்டி இன்னும் வெளியே போகவில்லை. அவற்றை அங்கேயே நிறுத்திவைக்கச் சொன்னார். மற்றது ஏற்கெனவே யார் யார் வீட்டுத் தட்டுகளுக்கோ போய்ச் சேர்ந்திருந்தது.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கு மேடம்" என்றார் அவர்.

"இளம் காளை, கறி மட்டும்தான் சாப்பிட்டிருக்கீங்க. அந்த எலும்புத்தூளுல நோய் இருந்ததுங்கிறதுக்கும் இதுவரைக்கும் ஒரு அடையாளமும் இல்ல. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது." அந்த அம்மா சோள நோட்டை மூடி வைத்தார். "பெரும்பாலும்னுதான் என்னால சொல்ல முடியும். இதே வார்த்தையத்தான் அந்த மத்த வீடுங்களுக்கும் நான் சொல்லணும்."

கொட்டகையில் மீதியிருந்த நான்கு காளைகளையும் அடுத்த வாரம் ஏற்றிப் போனார்கள். மூளையை எடுத்துச் சோதித்தார்கள், மீதியை எரித்தார்கள். நோய் இல்லை என்று காகிதம் வந்தது. மில்லின் பிரிக்காத மூட்டைகளும் சுத்தம். நெட்டையனைத் திரும்பக் கூப்பிட்டு, கலவை எந்திரத்தையே அவனிடம் கொடுத்தார்கள். சுத்தக்காரருக்கு மூட்டை தைக்கிற இடம். வெளியே தள்ளாததே பெரிது. அவர் நெட்டையனிடம் போய், "தப்புப் பண்ணிட்டேன்ப்பா" என்றார். அவன் "விடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனான். ஆணியிலிருந்து இரண்டு ஜோடிச் செருப்பையும் அவர் எடுத்துவிட்டார். இப்போது அவரை யாரும் சுத்தக்காரர் என்று கூப்பிடுவதில்லை. கேலிக்குக்கூட இல்லை, அதுதான் அவருக்கு வலித்தது. வீட்டில் மகள் தட்டில் எதையாவது சிந்தினால், படியில் கால் இடறினால், அவர் கண் அவளிடமே நிற்கும். "என்னப்பா அப்படிப் பாக்கறே?" என்பாள். இன்னும் எத்தனை வருஷம் அப்படிப் பார்க்க வேண்டுமோ தெரியாது.

அடுத்த முதல் ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு அக்கா வீட்டுக்குப் போனார். போக மனசு வரவில்லைதான், போகாமல் இருப்பது அதைவிடக் கேவலம் என்று போனார். கொட்டகை காலி. தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி வைத்திருந்தாள். காலில் சுற்றிய கோழிகளை விரட்டியபடி இருவரும் அங்கே நின்றிருந்தபோது, பால்காரர் வேலியோரம் வந்தார்.

"என்னங்க இது, ஒரு காளையும் காணோம்? ஆபீஸ்காரங்க வந்து ஏத்திட்டுப் போனாங்கன்னு சொல்றாங்க. யாரோ வண்டிக்காரன் கெட்ட சோளத்த வித்துட்டானாமே? யாருங்க அந்தப் பாவி?"

அக்கா தம்பியைப் பார்க்கவில்லை. கவிழ்த்த தொட்டியின் மேல் ஒட்டியிருந்த ஒரு வைக்கோலை எடுத்துப் போட்டாள்.

"வண்டிக்காரன் இல்லீங்க" என்றார் அவர். "நான் கொண்டு வந்த சோளம். முதலாளி குடுத்தது இல்ல. கலவை எந்திரத்தைக் கழுவின சோளம். மாட்டுக்குப் போடக் கூடாது. கோழிக்கு மட்டும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன். அக்காகிட்ட சொல்லல."

அவ்வளவையும் சொல்லி முடிக்க ஒரு மூச்சுதான் ஆனது.

"தொட்டியப் பாத்து நீ 'அக்கா'ன்னு வாயத் தொறந்த அன்னிக்கும் இவர் இதே இடத்துலதான்டா நின்னாரு" என்றாள் அக்கா.